பாதியில் திரும்புகிறவர்

அவர் காரை எங்கே நிறுத்தினாலும் பின்பக்கமாக உள்ளே விட்டு, முகப்பு தெருவைப் பார்க்கிற மாதிரிதான் நிறுத்துவார். ஆக்லாந்து நகரின் லின்ஃபீல்டில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. வேலை முடிந்து வந்த களைப்பில் நாங்களெல்லாம் வந்த வாக்கில் காரைச் செருகிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவோம். அவர் மழையிலும் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வருவார். ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்து சேருறது லேசு. வெளிக்கிடேக்கதான் அவசரம் வரும்" என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரப் பெண்மணி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. மகள் தெற்கே டனீடினில் படித்துக்கொண்டிருந்தாள். கணவரைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. வாரக் கடைசியில் ஆர்ட்மோர் விமானத்திடலுக்குப் போய், இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரக்கூடிய சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுவார். நகை வாங்காமல், ஊருக்குப் போகாமல், அந்தப் பணமெல்லாம் அதற்குத்தான் போனது. அவர் ஆக்லாந்தை விட்டுப் போய் வெகுநாளாகிறது. பெர்த்தில் மகளோடு இருப்பதாகக் கேள்வி.

நாங்கள் மதுரைப் பக்கம். விடைபெறும்போது "வர்றேன்" என்போம். அவர் "நான் திரும்புறன்" என்பார். விருந்துக்கு வந்தால் பாயசம் வருவதற்குள் திரும்பிவிடுவார். சினிமாவுக்கு வந்தால் இடைவேளையோடு திரும்பிவிடுவார். ஒருமுறை நாலைந்து குடும்பமாக மேற்கே காட்டுக்குள் ஓர் அருவியைப் பார்க்கப் போனோம். ஓடையைக் கடந்து கடந்து போகிற பாதை. மழை பிடித்துக்கொண்டது. அருவியின் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் அவர் நின்றார். ஓடைத் தண்ணீர் நிறம் மாறுகிறது, தான் திரும்புவதாகச் சொன்னார். நானும் சில பெண்களும் குழந்தைகளோடு அவர் பின்னால் வந்துவிட்டோம். என் தம்பி செந்திலும் மற்ற ஆண்களும் மேலே போய், குளித்து, படம் எடுத்துக்கொண்டு, எங்களுக்குப் பின்னாலேயே சிரித்தபடி வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு செந்தில் அவருக்கு "யூ-டர்ன் அக்கா" என்று பெயர் வைத்தான். அது அவர் காதுக்கும் போனது. கோபப்படவில்லை. "பொருத்தமான பேர்தான்" என்றார்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் நடந்த விமானப் பந்தயங்கள் மேல்தான் அவருக்குப் பைத்தியம். வீடு முழுக்க அந்தக் காலத்துப் படங்கள். கடல்மேல் இறங்கும் விமானங்களுக்கென்று ஒரு கோப்பை இருந்ததாம். ஐந்து ஆண்டுக்குள் மூன்று முறை வென்ற நாட்டுக்கு அது நிரந்தரமாகச் சொந்தம் என்று விதி வைத்ததால் அரசாங்கங்களே அதில் இறங்கி மோதினவாம். அமெரிக்காவில் உயரமான கம்பங்களை நட்டு, அவற்றை உரசிக்கொண்டு வளைகிற பந்தயம். அதற்கென்று பீப்பாய் மாதிரி உடம்பும் கட்டைச் சிறகுமாக ஒரு விமானம் செய்தார்கள், அது வெற்றியும் வாங்கிக் கொடுத்தது, ஓட்டினவர்களின் உயிரையும் வாங்கியது. இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு ஒரு பந்தயம். அதில் வழிதவறிப் புயலில் மாட்டிக்கொண்ட ஒரு பயணிகள் விமானத்துக்கு, சின்ன ஊர் ஒன்றின் ஜனங்கள் தங்கள் கார்களைக் குதிரைப் பந்தயத் திடலில் வரிசையாக நிறுத்தி, முன்விளக்கு வெளிச்சத்தில் இறங்க வழி காட்டினார்களாம். "அந்த ஊர்ச் சனம்தான் உண்மையில அந்தப் பந்தயத்தை வெண்டது" என்று சொல்லிச் சந்தோஷப்படுவார்.

வென்றவர்களைப் பற்றி அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பாதியில் திரும்பியவர்களைப் பற்றித்தான் பேசுவார். அதிலும் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்த் தீவுக்கு நடந்த பந்தயத்தைப் பற்றி ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பதை மறந்துவிடுவார். அன்னாசிப்பழ வியாபாரி ஒருவர் பரிசு அறிவித்த பந்தயம் அது. கிளம்புவதற்கு முன்னாலேயே சிலர் விழுந்து செத்தார்கள். கிளம்பியவர்களில் போய்ச் சேர்ந்தது இரண்டே விமானங்கள்.

"ஒரு பிளேனில டீச்சர் பிள்ளை ஒண்டு ஏறினது" என்பார். "சின்னப் பிள்ளை. ஓட்டவுமில்ல, வழி பார்க்கவுமில்ல, சும்மா பயணியாப் போனவ. வெளிக்கிட்ட கொஞ்ச நேரத்தில இஞ்சின் சரியில்லை எண்டு பிளேன் திரும்பி வந்திட்டுது. நிலத்தில வந்து நிக்குது. இறங்கு, போகாதை எண்டு சனம் கெஞ்சுது. கதவைத் திறந்து இறங்கினாச் சரி. இறங்கேல்ல. திருத்திக்கொண்டு திரும்பவும் போச்சினம். பிறகு ஒரு தகவலும் இல்லை."

அதே பந்தயத்தில் இன்னொரு விமானம். அதன் உடம்பில் போர்த்தியிருந்த துணி கிழிந்ததால் திரும்பி வந்தது. ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சில நாளில் துணியைத் தைத்துக்கொண்டு, காணாமல் போனவர்களைத் தேடிக் கடலுக்குமேல் மறுபடி கிளம்பினார். விமானம் சுழன்றபடி கீழே விழுகிறது என்று வானொலியில் ஒரு செய்தி வந்தது. மீண்டுவிட்டோம் என்று ஒரு செய்தி. மறுபடியும் சுழல் என்று இன்னொன்று. அதோடு சரி.

"முதல் தரம் திரும்பத் தெரிஞ்ச மனிசன்" என்பார். "பந்தயத்துக்காகப் போகேக்க திரும்பலாம். ஆளைத் தேடிப் போகேக்க திரும்புறது கஷ்டம்."

இதைச் சொல்லும்போது அவர் முகம் கடுமையாகிவிடும். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அவருடைய விமானக் குழு அந்தப் பழைய பந்தயங்களின் முறைப்படி ஆண்டுக்கொரு தடவை ஒரு போட்டி வைக்கும். மெதுவான விமானம் முதலில் கிளம்பும், வேகமானது கடைசியில் கிளம்பும். கணக்குச் சரியாக இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்து சேரும். ஒரு வருஷம் என்னைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டார். நாங்கள் இரண்டாவதாகக் கிளம்பி, தேம்ஸ் என்ற கடலோரச் சிற்றூருக்கு மேலே முதல் ஆளை முந்திவிட்டோம். அடுத்து மலைத்தொடரைத் தாண்டிப் புக்கெகோஹி, அங்கிருந்து திடல். மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் வெளிச்சமாக ஒரு சந்து தெரிந்தது. எனக்கே தெரிந்தது.

"போகலாம்ல?" என்றேன்.

சிறகு சாய்ந்தது. வானமும் கடலும் இடம் மாறின. திரும்பிவிட்டார். கடற்கரை ஓரமாகவே சுற்றிக்கொண்டு வீடு வந்தோம். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சந்து வழியாகப் போய், எங்களுக்கு முன்பே இறங்கிக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பை கொடுக்கும்போது அவர்தான் முதலில் கைதட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"ஜெயிச்சிருப்போம்க்கா. எல்லாரும் போயிட்டு நல்லாத்தானே வந்தாங்க?"

"ஓம். வெண்டிருப்பம்."

"அப்புறம் ஏன்?"

"போகலாம் எண்டது அவை போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் தெரிஞ்சது. நான் திரும்பேக்க அது ஒருத்தருக்கும் தெரியாது."

அதற்கடுத்த குளிர்காலத்தில்தான் செந்தில் கடலில் மாட்டிக்கொண்டான்.

புக்கெகோஹியில் காய்கறி கட்டி அனுப்பும் கூடத்தில் அவனுக்கு வேலை. அங்கே எலக்ட்ரீசியனாக வந்துபோகிற தினேஷ் அவனுக்குச் சினேகிதன். ஃபிஜிக்காரன். அவனுடைய தாத்தா காலத்தில் தமிழ் பேசினார்களாம்; அவனுக்கு 'வணக்கம்', 'சாப்பாடு' தவிர ஒன்றும் தெரியாது. தினேஷிடம் ஓர் அலுமினியப் படகு இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் கவகாவா விரிகுடாவிலிருந்து மீன் பிடிக்கப் போனார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். மத்தியானம் போன் எடுக்கவில்லை. தினேஷும் எடுக்கவில்லை. தென்மேற்குக் காற்று வீட்டுக் கூரையையே ஆட்டிக்கொண்டிருந்தது. போலீஸுக்கும் தெருக்கடைசி அக்காவுக்கும் சொன்னேன். மீட்புப் படகு கிளம்பியது. ஹெலிகாப்டர் வேறோர் இடத்தில் இருக்கிறது, முடிந்ததும் வரும் என்றார்கள். என் கணவர் அப்போது சென்னையில் இருந்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன்.

அக்கா கதவைத் தட்டவில்லை, நேராக உள்ளே வந்தார். வெளியே கார் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"கோட்டைப் போடும். கண் நல்லாத் தெரியும்தானே உமக்கு?"

"எங்கக்கா?"

"தேடப் போறம். பொனுயித் தீவுக்குக் கிழக்க கடல்ல ஒரு பட்டையை நான் பார்க்கிறன் எண்டு பொலிஸோட கதைச்சிட்டன். ஓட்டுறதுக்கு நான், பார்க்கிறதுக்கு ஒராள் வேணும்."

காரில், துணி கிழிந்து திரும்பி, பிறகு தேடப்போன அந்த மனிதர் எங்கள் இருவர் நடுவிலும் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் எனக்குத் தெரியும். விமானத்தில் ஏறி இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்ட பிறகு சொன்னார்:

"இப்பவே சொல்லிப்போடுறன். நான் திரும்புறம் எண்டு சொன்னா, திரும்புறதுதான். ஏறமுதல் யோசியும்."

"ஏறியாச்சேக்கா."

"இறங்கலாம்."

நான் இறங்கவில்லை.

கடலுக்குமேல் போனதும் விமானம் குட்டி நாய்போல் உதறியது. மேகம் தாழ்வாக இருந்ததால் நாங்களும் தாழ்வாகவே பறந்தோம். கோடு போட்டதுபோல் ஒரு நேர்வரிசை போவோம். வளைந்து, பக்கத்திலேயே இன்னொரு வரிசை வருவோம். கடல் முழுக்க வெள்ளை நுரை. ஒவ்வொரு நுரையும் படகாகத் தெரிந்தது. கண்ணாடியில் முகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஹெட்செட் இடைஞ்சலாக இருந்தது. கழற்றி மடியில் போட்டுக்கொண்டேன். செந்திலுக்கு நீச்சல் தெரியும். வைகையில் தண்ணீரே இல்லாத ஊரில் கிணற்றில் கற்றுக்கொண்ட நீச்சல். இந்தக் குளிருக்கு அது எதுவரை வரும் என்று நினைக்காமல் இருக்க முயன்றேன்.

வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் வானம் ஒரு படி கறுத்திருந்தது. ஆர்ட்மோருக்குப் போக கிளீவ்டன் பள்ளத்தாக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் மலை. அந்த வாயில் மழை ஒரு திரைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என் தோளைத் தட்டினார். ஹெட்செட்டைக் காதில் வைத்தேன்.

"இந்த வரிசையோட திரும்புறம்."

"அக்கா, கிழக்கால இன்னும் பாக்கலையே."

"இந்த வரிசையோட."

மறுபடி கழற்றிப் போட்டுவிட்டு வெளியே பார்த்தேன். அந்த வரிசையின் கடைசியில், கிழக்கே கோரமண்டல் தீபகற்பத்தின் பக்கமாக, நுரை அல்லாத ஒரு வெள்ளையைப் பார்த்தேன். நுரை உடையும், இது உடையவில்லை. கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது, என் கையைப் பார்த்தே புரிந்துகொண்டார். விமானம் அந்தப் பக்கம் பாய்ந்தது. இன்னும் தாழ்ந்தது. கவிழ்ந்த படகின் அடிப்பக்கம்.

அவர் இடதுபக்கம் சாய்த்து அதை ஒரு சுற்றுச் சுற்றினார். இடதுபக்கம் அவருடைய ஜன்னல். என் ஜன்னலில் மேகம் மட்டும்தான் இருந்தது. அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். பட்டை இழுத்துப் பிடித்தது. அவர் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன, வானொலியில் இடத்தைச் சொல்கிறார் என்று புரிந்தது. திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவசரமாக ஹெட்செட்டை மாட்டியபோது, செய்தி கிடைத்தது, படகு வருகிறது என்ற பதிலின் கடைசித் துண்டு மட்டும் காதில் விழுந்தது.

"ஆளுங்க இருக்காங்களா? அக்கா, ஆளு தெரியுதா?"

"படகுதான் தெரியுது."

"இன்னொரு ரவுண்டு போங்க. என் பக்கமா சுத்துங்க."

அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். பிறகு சிறகைச் சாய்த்து, வீட்டுப் பக்கம் திருப்பினார்.

அந்த விமானத்தில் ஓட்டுகிறவருக்கு ஒரு சுக்கான், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சுக்கான். இரண்டும் ஒன்றாகவே அசையும். என் முன்னால் இருந்ததை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விமானம் ஒரு குலுங்கு குலுங்கியது.

"கையை எடும்."

"என் தம்பி அங்க இருக்கான்."

"கையை எடும்!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. என் விரல்கள் தாமாக விட்டுவிட்டன. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த வெள்ளை ஒரு புள்ளியாகி, எந்த நுரை அது என்று தெரியாமல் போனது.

பள்ளத்தாக்கு மூடுகிற நேரத்தில் நுழைந்தோம். மழை முன்கண்ணாடியை அறைந்தது. கீழே மாடுகள் கலைந்து ஓடுவதும், மின்கம்பிகள் எங்களுக்கு அடியில் கடந்துபோவதும் தெரிந்தன. ஓடுபாதையில் சக்கரம் பட்டபோது நான் அழுதுகொண்டிருந்தேன். இஞ்சினை அணைத்த பிறகும் அவர் சுக்கானை விடவில்லை. நான் இறங்கி நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது, வந்த வழியை முகில் முழுசாக மூடியிருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மீட்புப் படகு அவர் சொன்ன இடத்துக்கு வந்தபோது அங்கே ஒன்றும் இல்லை. காற்று அடித்துக்கொண்டு போயிருந்தது. காற்றின் திசையிலேயே தேடிக்கொண்டு போய், வெளிச்சம் போகும் தறுவாயில் இரண்டு பேரையும் தூக்கினார்கள். தினேஷுக்குத் தோள் எலும்பு உடைந்திருந்தது. செந்திலின் உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் பேச ஆரம்பித்ததும் முதலில் சொன்னது இதைத்தான்:

"ப்ளேன் ஒண்ணு வந்துச்சுக்கா. தலைக்கு மேல சுத்துச்சு. எங்களப் பாக்காமயே திரும்பிப் போயிருச்சு."

நான் அதில்தான் இருந்தேன் என்று சொன்னேன். யார் ஓட்டினார் என்றும் சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுவான். நான் தெருவில் அவரைப் பார்த்தால் தலையசைத்தேன், அவரும் அசைத்தார். அவரால்தான் தம்பி கிடைத்தான் என்று தெரியும். விட்டுவிட்டு வந்தார் என்பதும் தெரியும். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே வந்தார். செந்தில் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. சாப்பாட்டு மேசையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். "தம்பி, என்னட்ட ஏதும் கேக்க வேணுமெண்டா கேளுங்கோ" என்றார்.

அவன் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே மாட்டான் என்று நினைத்தேன்.

"ஏன் திரும்புனீங்க?"

"பள்ளத்தாக்கு மூடிக்கொண்டு வந்தது. இன்னொரு சுத்துச் சுத்தியிருந்தா உங்கட அக்காவையும் கொண்டு வெளிய வந்திருக்கேலாது. இடத்தைச் சொல்லியாச்சு. மேல நிண்டு சுத்தினா உங்களுக்கு ஆறுதலா இருந்திருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்."

"நீங்க எங்களப் பாக்கலன்னு நெனச்சோம். நீங்க திரும்புனதும் தினேஷ் கைய விட்டுட்டான். 'இட்ஸ் ஓவர், ப்ரோ'ன்னான். அவன் காலரப் பிடிச்சு இழுத்து, படகு மேல போட்டு... எவ்வளவு நேரம்னு தெரியல. பாக்கலன்னுதானே நெனச்சோம்."

அவர் அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் கண்டனான்" என்றார்.

"படகையா?"

"படகை உங்கட அக்காவும் கண்டவா. நான் உங்களைக் கண்டனான். ரெண்டு பேரையும்."

நான் எழுந்துவிட்டேன். "அக்கா! நான் கேட்டேனே. படகுதான் தெரியுதுன்னு சொன்னீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். "பொய்தான் சொன்னனான். ரேடியோவில ரெண்டு பேரும் உயிரோட எண்டு சொல்லிப்போட்டன். உமக்குச் சொல்லேல்ல. சொல்லியிருந்தா நீர் என்னைத் திரும்ப விட்டிருக்க மாட்டீர். உம்மட முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தா நானும் திரும்பியிருக்க மாட்டன்."

பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் செந்திலின் பக்கம் திரும்பினார்.

"ஒராள் கையைத் தூக்கினது. சிவப்புக் கோட்டு. மற்ற ஆளை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கினது. நான் திரும்பேக்கயும் அந்தக் கை இறங்கேல்ல. கடைசிமட்டும் பார்த்துக்கொண்டுதான் திரும்பினனான்."

செந்தில் வலது கையை மேசைமேல் வைத்து, அதையே பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். கடலிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அவன் முகம் அப்படித் தளர்ந்து நான் பார்க்கவில்லை.

"அது நான்தான்" என்றான்.